நூல் கட்டாத ஜாடி

நாத்தனார் கப்பலேறப் போன நாளும், பட்டக்காவைப் பட்டு மேஜையிலிருந்து இறக்கிய நாளும் ஒன்றே. குளிர்காலம் முடியப்போகிற ஒரு திங்கட்கிழமை. காலையில் நாத்தனார் போனாள், மதியம் பட்டு போயிற்று. அன்று சாயங்காலம் பட்டக்கா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது எது போனதற்காக என்று வீட்டிலிருந்த மற்ற இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. கேட்டிருந்தால், இரண்டுக்கும் சேர்த்து ஒரே அழுகையாக முடித்துவிடுகிறேன் என்று சொல்லியிருப்பாள்.

நாத்தனார் என்பது கணவனின் தங்கை. சரக்குக் கப்பலில் சமையல் வேலை. ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைப்பதற்குள் எட்டு மாதம் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தாள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து ஏதோ ஒரு பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டு வருவாள். இந்த முறை பிடித்துக்கொண்டு வந்தது, வீட்டில் ரசாயனமே கூடாது என்பது. சோப்பு டப்பா, புட்டி, பொட்டலம் எது கையில் கிடைத்தாலும் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைச் சாப்பாட்டு மேஜையில் உரக்கப் படிப்பாள். நீளமான பெயர் வந்தால் நிறுத்துவாள்.

"அண்ணா, இதைச் சொல்லு பார்ப்போம்."

அண்ணன் முயன்று பார்த்துத் திக்குவார்.

"வாயில நுழையாததை உடம்புல எதுக்கு நுழைக்கிற?"

"நான் எங்க நுழைச்சேன்? சட்டைக்குத்தானே போடுறேன்."

"சட்டை எங்க இருக்கு? உடம்புலதானே இருக்கு?"

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் தலையில் ஏறி நின்று கேபிளைப் பிடித்துப் பார்க்கிற ஆளுக்குத் தங்கையின் கேள்வி ஒன்றுக்குக்கூடப் பிடி கிடைக்காது. எல்லோரும் சிரிப்பார்கள். அதே பொடியில் அதே சட்டை மறுநாளும் ஊறும். எட்டு மாதத்தில் அந்த வீட்டில் நாத்தனார் மாற்றிய ஒரே பொருள், பட்டக்காவின் கைக்குத் தடவுகிற களிம்பு. குளிரில் விரல் லேசாக வறண்டதைப் பார்த்துவிட்டு, தேன்மெழுகும் எண்ணெயும் ஏதோ இலைச்சாறும் போட்டு அவளே காய்ச்சிக் கொடுத்தது. பார்க்க மஞ்சளாக, மோந்தால் மழை பெய்த தோட்டம் மாதிரி இருக்கும்.

கிளம்புகிற காலையில் அவள் பெட்டி மூடவில்லை. அண்ணன் மேலே உட்கார்ந்து பார்த்தார். பதினாறு வயது மகளையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"ஓவர்லோடு. லிஃப்டா இருந்தா இந்நேரம் கத்தியிருக்கும்."

நாத்தனார் பெட்டியைத் திறந்து ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பொருளை வெளியே எடுத்தாள். பூந்திக்கொட்டை, சலவைச் சோடா, வினிகர், தேங்காய் நார், அப்புறம் மூன்று கண்ணாடி ஜாடி.

"அண்ணி, இதெல்லாம் உங்களுக்கு. களிம்பு மூணு ஜாடி இருக்கு. காலியான ஜாடியைத் தூக்கிப் போடாதீங்க. எதுக்காவது ஆகும்."

"ம்" என்றாள் பட்டக்கா.

அவள் பேச்சே அதுதான். பதினெட்டு வருஷமாகத் தையல்கூடத்தில் உதட்டுக்கு நடுவே குண்டூசியைக் கடித்துக்கொண்டு வேலை செய்கிறவள். வாயைத் திறந்தால் ஊசி விழும். அதனால் சரி, வேண்டாம், யோசிக்கிறேன், உன் வேலையைப் பார், எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு விதமான 'ம்' வைத்திருந்தாள். ஊசி இல்லாத நேரத்திலும் அதுவே பழகிவிட்டது. வீட்டில் எல்லோரும் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள்.

நாத்தனார் கட்டிப்பிடித்து, கன்னத்தைக் கிள்ளி, படியிறங்கிப் போய்விட்டாள். பட்டக்கா வேலைக்குப் போனாள்.

அந்தத் தையல்கூடத்தில் கல்யாண உடைகளும் மேடைக்கான உடைகளும் தைப்பார்கள். ஜன்னலை ஒட்டி நீளமாக ஒரு மேஜை. அதன்மேல் வெள்ளை ஃபிளானல் விரித்திருக்கும். பட்டும் சாட்டினும் அங்கே மட்டும்தான் பிரிக்கப்படும். அந்த மேஜையில் இருப்பவள் என்பதால்தான் அவளுக்குப் பட்டக்கா என்று பெயர். சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும் பார்க்கலாம்.

அன்று மதியம் ஒரு வெள்ளை சாட்டினை விரித்துக் கையால் நீவிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் நுனியில் ஒரு வெடிப்பு. தோல் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. துணியில் மாட்டியது. ஒரு இழை, ஒரே ஒரு இழை, வெளியே வந்தது. சாட்டினில் ஒரு இழை வந்தால் போதும். மார்பிலிருந்து முழங்கால்வரை ஒரு கோடு ஓடிவிடும். ஓடிவிட்டது.

முதலாளியம்மா வந்து கோட்டைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். பத்து விரலிலும் சிவப்பும் வெடிப்பும் இருந்தன.

"இது எத்தனை நாளா, பட்டு?"

"ரெண்டு மூணு மாசமா."

"சொல்லவே இல்லையே."

"ம்."

முதலாளியம்மா நல்லவர்தான். நல்லவர்கள் சொல்கிற கெட்ட செய்திக்குப் பதில் பேசவும் முடியாது. "கை சரியாகிற வரைக்கும் கான்வாஸ் மேஜையில உட்காரு. ஆறு மாசம் பார்க்கிறேன். அதுக்கு மேல அந்த மேஜையை ஆள் இல்லாம வெச்சிருக்க முடியாது. புதுசா வந்திருக்கிற சின்னவளை நிரந்தரமாப் போட்டுடுவேன்."

கான்வாஸ் மேஜை பின்புறம், கழிவறைக்குப் போகிற வழியில். மேடைத் திரை, கூடாரத் துணி, மூட்டைப் பை. அங்கே விரல் மாட்டினால் விரல்தான் கிழியும், துணி கிழியாது. கட்டிங் மாஸ்டர் அந்தப் பக்கம் போகும்போது நின்றார்.

"என்னக்கா, இனிமே உங்களைத் தார்ப்பாய் அக்கான்னு கூப்பிடணுமா?"

பட்டக்காவின் வாயில் குண்டூசி இருந்தது மாஸ்டரின் அதிர்ஷ்டம்.

மறுநாள் தோல் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீங்கள் தொடுகிற ஏதோ ஒன்று உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். சோப்பு, பொடி, திரவம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்றார். பிறகு, எழுதிக்கொண்டே, "கையில வேற ஏதாவது தடவுறீங்களா?" என்று கேட்டார்.

"ம்ஹும்" என்றாள் பட்டக்கா.

பொய் சொல்லவில்லை. தடவுவது என்றால் கடையில் வாங்கி, மூடி திறந்து, பெயர் போட்டதைத் தடவுவது என்றுதான் அவள் நினைத்தாள். நாத்தனார் காய்ச்சியது அந்தக் கணக்கில் வராது. முகம் கழுவுவதை யாராவது டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா?

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தச் சொன்னது மட்டும் அவளுக்கு ஒப்பவில்லை. ஒரு உடை எங்கோ இழுக்கிறது என்றால், எல்லாத் தையலையும் பிரித்துப் போடுகிறவள் தையல்காரி இல்லை. ஒரு தையலைப் பிரிக்க வேண்டும். உடுத்திப் பார்க்க வேண்டும். இன்னும் இழுத்தால் அதைத் திரும்பத் தைத்துவிட்டு அடுத்ததைப் பிரிக்க வேண்டும். அப்போதுதான் எது இழுத்தது என்று தெரியும். பதினெட்டு வருஷம் அப்படித்தான் செய்தாள். வீட்டையும் அப்படித்தான் பிரிக்கப் போவதாக அன்று சாயங்காலம் அறிவித்தாள்.

"பதினஞ்சு நாளைக்கு ஒரு சாமான். அதை நிறுத்திட்டு உன் அத்தை வெச்சிட்டுப்போன பெட்டியில இருந்து வேற ஒண்ணு. கை ஆறலைன்னா அது குற்றவாளி இல்ல."

மகளுக்கு வீட்டில் நீதிபதி என்று பெயர். அப்பா வாங்கிய கத்தரிக்காய் சொத்தையா, அம்மா பேசியது நியாயமா, எல்லாவற்றுக்கும் உடனே தீர்ப்பு வரும். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்போ எல்லாத்துக்கும் அடையாளம் வைக்கணும்."

வீட்டிலிருந்த புட்டி, டப்பா, பொட்டலம் எல்லாம் சமையலறை மேடையில் வரிசையாக நின்றன. மொத்தம் பதினொன்று. பட்டக்கா ஓட்டுத்தையல் நூலை எடுத்து ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பாக ஒரு முடிச்சுப் போட்டாள். சிவப்பு என்றால் சந்தேகத்தில் இருக்கிறது. விசாரணை முடிந்து விடுதலையானால் வெள்ளை. குற்றம் உறுதியானால் கறுப்பு. கடையில் வாங்கிய எதையும் அவள் விட்டுவைக்கவில்லை; கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, பல்பொடி டப்பாவுக்குக்கூட நூல் கட்டினாள். வேலை முடிந்ததும் விரல் எரிந்தது. ஜாடியைத் திறந்து களிம்பை வழித்துத் தடவிக்கொண்டு, மூடி, ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

முதலில் போனது பாத்திரம் கழுவுகிற பச்சைத் திரவம். அதற்குப் பதில் சோடாவும் தேங்காய் நாரும். பாத்திரம் சுத்தமானது, நுரை இல்லாததால் கழுவிய திருப்தி மட்டும் யாருக்கும் வரவில்லை. லிஃப்ட்காரக் கணவர் கழுவிய தட்டைத் திரும்பக் கழுவினார். பதினைந்து நாளில் கை ஆறவில்லை. பச்சைத் திரவத்துக்கு வெள்ளை நூல். இரண்டாவது, தரை துடைக்கிற திரவம். அதற்குப் பதில் எலுமிச்சைத் தோல் ஊறிய வினிகர்.

"வீட்டுக்குள்ள வந்தா சாலட்டுக்குள்ள விழுந்த மாதிரி இருக்கு" என்றார் லிஃப்ட்காரர்.

"நேத்து வரைக்கும் ஆஸ்பத்திரிக்குள்ள விழுந்த மாதிரி இருந்துச்சு" என்றது நீதிபதி.

மூன்றாவது, நீலப் பொடி. இங்கேதான் வீடு இரண்டாகப் பிளந்தது. பூந்திக்கொட்டையைக் கொதிக்க வைத்த பழுப்புத் தண்ணீரில் துவைத்த சட்டையை மனிதர் மூக்கில் வைத்து, திருப்பி வைத்து, தோள்பட்டையை மோந்து, கையை மோந்து பார்த்தார்.

"ஒண்ணும் வரலையே."

"அழுக்கு போயிடுச்சு. வேற என்ன வரணும்?" என்றது நீதிபதி.

"வாசனை வந்தாத்தானேம்மா துவைச்சதுன்னு அர்த்தம்?"

ஒரு வாரம் கழித்து அவர் சட்டையில் மறுபடி நீலப் பொடி வாசனை வந்தது. பட்டக்காவுக்கு மூக்கு எலி மூக்கு. கருவிப் பையைத் திறந்தாள். ஸ்பேனருக்கும் எண்ணெய்க் குப்பிக்கும் நடுவே பொட்டலம். மனிதர் வேலை செய்கிற கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் எந்திர அறைக் குழாயடியில், சட்டையைத் தானே ஒரு அலசு அலசிக் காயப்போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

"பதினஞ்சு நாள் விசாரணை. சாட்சியைக் கலைச்சதால முதல்ல இருந்து" என்று தீர்ப்பு வந்தது. நீலப் பொடிக்கு மட்டும் இருபத்திரண்டு நாள் ஆயிற்று. அதுவும் நிரபராதி. ஆனால் அந்த இருபத்திரண்டு நாளில் மூக்கு வேலையைக் காட்டிவிட்டது. விடுதலையான பொட்டலத்தைத் திறந்து மோந்த லிஃப்ட்காரர் நாலு தும்மல் தும்மி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானாகவே மூடி வைத்துவிட்டார். இதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

இப்படியே ஷாம்பு, குளியல் சோப்பு, கண்ணாடி துடைக்கிறது, எறும்புப் பொடி. எறும்புக்குப் பதிலாக வைத்த கிராம்பை எறும்புகள் சுற்றிக்கொண்டு போகவே பழகிவிட்டன. மாதம் ஐந்து முடிந்தது. மேடையில் பத்து வெள்ளை நூல். கை மட்டும் அப்படியே. எரிச்சல் கூடக் கூட ஜாடி சீக்கிரம் சீக்கிரம் காலியானது. முதல் ஜாடியில் இப்போது பட்டன்கள் இருந்தன. இரண்டாவதில் சோடா உப்பு. மூன்றாவது பாதிக்கு வந்துவிட்டது.

தையல்கூடத்தில் சின்னவள் பட்டு மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொரு மடிப்புக்கும் எழுந்து வந்து, "அக்கா, இதை எப்படி மடிக்கிறது?" என்று கான்வாஸுக்கு நடுவே நின்று கேட்டாள். பட்டக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, துணியைத் தொடாமல், முகவாயால் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். சின்னவள் கெட்டிக்காரி. அதைப் பார்க்கப் பார்க்கப் பட்டக்கா ஆறு மாதத்தில் மிச்ச நாளை எண்ணினாள். ஒரு நாள் மாஸ்டர் பழக்கதோஷத்தில் சின்னவளைப் பார்த்து "பட்டு, அந்த லைனிங்கை எடு" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். பட்டக்கா அன்று கூடாரத் துணியில் இரண்டு ஊசியை உடைத்தாள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு சிவப்பு நூல். ஆரஞ்சுப் பசை. கிரீஸ் கறையை எடுக்க லிஃப்ட்காரர்கள் வைத்திருப்பது. உள்ளே மணல் மாதிரி நறநறவென்று இருக்கும். அவர் கை கழுவுவார், அவள் அதையே எடுத்து அவருடைய சட்டைக் காலரிலும் முழங்கையிலும் தேய்ப்பாள்.

"அதைத் தொட்டே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்றார் அவர்.

"இன்னும் ஒரு மாசம்தாங்க இருக்கு" என்றாள் பட்டக்கா. வாயில் ஊசி இல்லை. 'ம்'மும் இல்லை. முழு வாக்கியம். அவர் அவள் கையைப் பார்த்தார், பசையை எடுத்து நீதிபதியிடம் ஒப்படைத்துவிட்டு, சர்க்கரையில் எண்ணெய் விட்டுக் குழைத்துக் கையைத் தேய்க்கப் போனார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் ஒரு அதிசயம் நடந்தது. பட்டக்காவும் மகளும் கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், லிஃப்ட்காரர் முட்டி போட்டுச் சமையலறைத் தரையை வினிகரால் துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை.

"அப்பா, உடம்பு எதுவும் சரியில்லையா?"

"ஏன், நான் துடைக்கக் கூடாதா? என் வீடு."

பட்டன்கள் பழைய பிஸ்கட் டப்பாவுக்கு இடம் மாறியிருந்ததையும் பட்டக்கா பார்த்தாள். தையல்காரி பட்டனைப் பார்க்காமல் இருப்பாளா? கேட்டதற்கு, "டப்பாவுல இருந்தா சத்தம் கேட்கும், எடுக்கிறப்ப தெரியும்" என்று ஒரு காரணம் வந்தது. அர்த்தமில்லாததுதான். ஆனால் தரையைத் துடைத்த மனிதரிடம் அதற்கு மேல் கேட்க மனம் வரவில்லை. களிம்பின் தோட்ட வாசனை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து அந்த வாரத்தோடு ஒன்றுமே இல்லாமல் போயிற்று. பழசாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு தடவினாள்.

பத்தாவது நாள் கட்டைவிரல் வெடிப்பு மூடியது. பதினைந்தாவது நாள் சிவப்பு இறங்கியது. இருபதாவது நாள் காலையில், வீட்டிலிருந்த ஒரே பட்டுத் துண்டை எடுத்து உள்ளங்கையால் மேலிருந்து கீழே நீவினாள். எங்கும் மாட்டவில்லை. இன்னொரு முறை நீவினாள். பத்து விரலாலும் நீவினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆரஞ்சுப் பசையின் கழுத்தில் கறுப்பு நூல் ஏறியது. "ஆயுள் தண்டனை. வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்றது நீதிபதி. லிஃப்ட்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மனைவியின் கையைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

முதலாளியம்மா கொடுத்த ஆறு மாதத்தில் நாலு நாள் மிச்சம் இருந்தது. ஃபிளானல் விரித்த மேஜையில் ஒரு முழம் சாட்டினைப் போட்டு, "நீவு" என்றார். பட்டக்கா நீவினாள். கூடம் முழுக்கத் தையல் எந்திரங்கள் நின்றிருந்தன. முதலாளியம்மா குனிந்து துணியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "உன் இடம்" என்றார். சின்னவளைப் போகச் சொல்லவில்லை. மேஜை இருவர் உட்காருகிற நீளம்தான் என்று பட்டக்காவே சொன்னாள். மாஸ்டர் மட்டும், "தார்ப்பாய் அக்கா இல்லாம பின்பக்கம் வெறிச்சோடிப் போச்சு" என்றார்.

அதற்குப் பிறகு வீடு பழையபடி திரும்பவில்லை. வெள்ளை நூல் கட்டிய நிரபராதிகள் பரணில் கிடந்தன. எல்லோருக்கும் பூந்திக்கொட்டை பழகிவிட்டது. லிஃப்ட்காரர்தான் மோசம், வாசனைத் தைலம் பூசிய யாராவது லிஃப்ட்டுக்குள் வந்தால் அடுத்த மாடியிலேயே இறங்கிவிடுவார். ஆனால் ஆரஞ்சுப் பசையை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகச் சர்க்கரையும் எண்ணெயும். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு மிட்டாய் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மதியம் சாப்பிட உட்கார்ந்தால் எறும்பு முதலில் அவரிடம்தான் வரும். அத்தனைக்கும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இவ்வளவு பொறுமை இவருக்கு எங்கிருந்து வந்தது என்று பட்டக்காவுக்கே ஆச்சரியம்.

நாத்தனார் போய் இரண்டாவது குளிர்காலம். ஒரு பிற்பகல், பட்டு மேஜையில் சாம்பல் நிறச் சாட்டின் விரிந்திருந்தது. உதட்டில் ஐந்து குண்டூசி. மேஜை ஓரத்தில் போன் அதிர்ந்தது. கரைக்கு வந்தால்தான் நாத்தனாருக்கு சிக்னல் கிடைக்கும். கிடைத்தால் மொத்தமாக எழுதித் தள்ளுவாள். பட்டக்கா ஒவ்வொரு ஊசியாக எடுத்து ஊசித் திண்டில் குத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

"அண்ணி, கை எப்படி இருக்கு? இங்க எஞ்சின் ரூம்ல ரெண்டு பேருக்கு என் களிம்பு காய்ச்சிக் குடுத்தேன். ஒருத்தருக்கு நல்லா ஒத்துக்கிச்சு. இன்னொருத்தருக்கு உங்க கை மாதிரியே பத்து விரலும் வெடிச்சிருச்சு. துறைமுகத்துல டாக்டர் சோதிச்சுப் பார்த்துட்டு, தேன்மெழுகுல ஒட்டியிருக்கிற பிசின் சில பேருக்கு ஆகாது, அதுதான் காரணம்னு சொன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. உங்க கையைக் கெடுத்தது நான்தான் அண்ணி, மன்னிச்சிருங்க. இனிமே அதைத் தொடாதீங்கன்னு சொல்ல வந்தேன், அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, நீங்க தொட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அண்ணன் அப்பவே எனக்கு இப்படி எழுதிட்டான்: கடைசி ஜாடியைக் கை தவறி உடைச்சிட்டேன், உன் அண்ணிக்குத் தெரிஞ்சா என்னைக் கேபிள் இல்லாம கீழ இறக்கிடுவா, அதனால பட்டன் ஜாடியைக் காலி பண்ணி, உடைஞ்சதுல கண்ணாடி படாததைக் கொஞ்சம் மேலாப்புல பூசி, கீழ பூராவும் லிஃப்ட் பேட்டரிக்குத் தடவுற பெட்ரோலியம் ஜெல்லியை நெரப்பி வெச்சிருக்கேன், நீ வந்ததும் புதுசா காய்ச்சிக் குடுன்னு. பெட்ரோல்ல இருந்து எடுக்கிறதையாடா அண்ணி கையில பூசுறேன்னு அன்னிக்கு அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதுக்கு இப்போ ஒரு மன்னிப்பு அனுப்பணும். உங்களைத் திரும்பப் பட்டு மேஜைக்கு ஏத்திவிட்டது என் பூந்திக்கொட்டை இல்ல, உங்க லிஃப்ட்காரன்தான். நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க, பாவம், பயந்தவன். நீதிபதிகிட்ட மட்டும் சொல்லி அந்த ஆரஞ்சுப் பசையை விடுதலை பண்ணச் சொல்லுங்க."